சேரிக் குழந்தையின் வயிறு

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'சாதியும் மருத்துவமும்'. ரொம்பப் பெரிய தலைப்பு. நான் மேடைப் பேச்சாளி கிடையாது. அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பதினோரு ஆண்டு ஸ்கோப் அறையில் வேலை. அதனால் நெஞ்சுக்குழிக்கும் தொப்புளுக்கும் நடுவில் இருக்கிற நாலு விரற்கடை இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். குழந்தைகளின் இரைப்பையிலும் அதை ஒட்டிய முன்சிறுகுடலிலும் மாதக்கணக்காக, வருஷக்கணக்காக ஆறாமல் கிடக்கிற வீக்கமும் புண்ணும். மருத்துவர்கள் சீட்டில் 'நாள்பட்ட அழற்சி' என்று எழுதுவார்கள். நீங்கள் கொடுத்த தலைப்பு அதற்குள்ளேயே வந்துவிடும்.

ஸ்கோப் அறையில் மருத்துவர் திரையைப் பார்ப்பார். குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வைத்த வளையம் நழுவாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஆகவே குழாய் காட்டியதை விட, வெளியே பெஞ்சில் நடந்த பேச்சுதான் எனக்கு அதிகம் தெரியும். ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள். கூட வந்த அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். "எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டால் நாள் கணக்கு வராது. "போன தீபாவளிக்கு முந்தி இருந்து", "இவ மூணாவது படிக்கறப்பவே சொல்லுவா" என்றுதான் பதில் வரும். வயிறு வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொல்லி, அதைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைப்பதற்கு இரண்டு வருஷம்.

அந்த இரண்டு வருஷத்தில் என்னென்ன நடந்திருக்கும்? பள்ளிக்கூடத்தில்தான் முதலில் சொல்லியிருப்பாள். "வீட்டுப் பாடம் எழுதலையா, அதான் வயித்து வலி" என்று வகுப்பே சிரித்திருக்கும். ஊர்த் தெருப் பிள்ளைக்கு வலித்தால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற அதே வாத்தியார், சேரிப் பிள்ளைக்கு வலித்தால் அதைச் சாக்கு என்பார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு அம்மா இல்லை, பல அம்மாக்கள் என்னிடம் சொன்னது இது. பிறகு தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர் வயிற்றைத் தடவி, ஊதி, 'இதுதான் சிக்கியிருந்தது' என்று எதையோ எடுத்துக் காட்டியிருப்பார். அது மருத்துவம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரைக் கேலி செய்ய மனசு வரவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் குழந்தையின் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தவர் பல சமயம் அவர் ஒருத்தர்தான். டவுனில் இருக்கிற மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே சீட்டு எழுதியிருப்பார். மருந்துக் கடைக்காரர் 'அல்சர்' என்று பேர் வைத்து கேஸ் மாத்திரை கொடுத்திருப்பார். கூடவே வலிக்கு ஒரு மாத்திரை. வலி மாத்திரைகளில் பலதும் வெறும் வயிற்றில் விழுந்தால் இரைப்பையின் உட்சுவரைத்தான் முதலில் அரிக்கும். நிமிசுலைடு என்ற மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அரசே 2011இல் தடை போட்டது. அதற்கு முன்னால் அதைச் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இயக்கத்துக்காரர்கள் நாம் எதையும் ஒரே அடியாகச் சொல்லிவிடுவோம். வயிறு வலிக்கிறது என்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்த நோய் கிடையாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் ஏப்ளி என்ற குழந்தை மருத்துவர் 1958இல் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்று வலி வந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களின் உடம்பில் கண்டுபிடிக்கும்படி எந்தக் கோளாறும் இல்லை. இன்றைக்கும் நிலைமை அதுதான். குடலின் நரம்புகள் கூடுதலாகக் கூசும், பயத்தில் வலிக்கும், பசியில் வலிக்கும். அந்த வலியும் வலிதான், பொய் கிடையாது. வகுப்பில் தனியாக உட்கார வைக்கப்படுகிற பிள்ளைக்குக் காலையில் வயிறு வலிப்பதற்கு ஸ்கோப் தேவையில்லை. ஆனால் மிச்சமுள்ள ஒரு பங்குக் குழந்தைகளுக்கு உள்ளே உண்மையாகவே அழற்சி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. குழாய் விட்டுப் பார்த்து, சுவரிலிருந்து அரிசி முனையளவு சதையைக் கிள்ளி, அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் 'அழற்சி' என்ற வார்த்தையை எழுத முடியும். சீட்டில் அந்த வார்த்தை இருக்கிற எத்தனையோ பேருக்கு இந்தச் சோதனை நடக்கவே இல்லை. சோதனை நடந்திருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் அந்த அறை வரைக்கும் வந்து சேரவும் இல்லை.

சரி, உள்ளே அழற்சி எதனால் வருகிறது? வலி மாத்திரை ஒரு காரணம். ஜியார்டியா என்கிற ஒட்டுண்ணி முன்சிறுகுடலில் ஒட்டிக்கொள்ளும், கொக்கிப் புழு கடித்துத் தொங்கும். சில பிள்ளைகளுக்குப் பித்தநீர் மேலே ஏறும், சிலருக்கு ஒவ்வாமை. ஆனால் உலகம் முழுக்கக் குழந்தைகளின் இரைப்பையில் நாள்பட்ட அழற்சிக்கு முக்கியமான காரணமாக நிற்பது ஒரு கிருமி. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பேர்.

இந்தக் கிருமியின் கதையே ஓர் அதிகாரத்தின் கதைதான். பல பத்து வருஷமாக மருத்துவம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? அமிலம் இல்லையென்றால் புண் இல்லை, அமிலம் சுரப்பதற்குக் காரணம் கவலையும் காரமும், அமிலக் கடலில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறு மருத்துவர் 1979இலிருந்து இரைப்பைச் சதைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைப் பார்த்துக் குறித்துவைத்தார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்த்தால் வளரவே இல்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை எடுத்துக் கொட்ட ஆளில்லாமல் கூடுதலாகச் சில நாள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் வளர்ந்திருந்தது! யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, வாந்தியெடுத்து, தன் வயிற்றிலேயே அழற்சியைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இடையில் போன வருஷங்களில் உலகம் முழுக்க எத்தனை ஏழைகளின் வயிற்றை அறுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நோய் ஏன் இரைப்பையோடு நிற்காமல் முன்சிறுகுடலுக்கும் போகிறது என்பது அதில்தான் இருக்கிறது. கிருமி திருகாணி மாதிரி வளைந்தது, வால் உண்டு. இரைப்பைச் சுவரைப் பூசியிருக்கிற கோழைக்குள் துளைத்துக்கொண்டு போய்ப் பதுங்கும். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி மட்டும் அமிலத்தை முறித்துக்கொள்ளும். உடம்பு அதை எதிர்த்து வெள்ளணுக்களை அனுப்பும். கிருமியும் சாகாது, சண்டையும் நிற்காது. இந்த ஓயாத சண்டைக்குப் பேர்தான் நாள்பட்ட அழற்சி. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சண்டை நடந்தால், அமிலத்தைக் கட்டுப்படுத்துகிற சமிக்ஞை கெட்டுப்போய் அமிலம் கூடும். கூடின அமிலம் கீழே முன்சிறுகுடலில் வடியும். அமிலம் பட்டுப் பட்டு அந்தச் சுவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இரைப்பைச் சுவர் மாதிரியே மாறிக்கொள்ளும். மாறின இடத்தில் கிருமி குடியேறும். இப்படித்தான் இரண்டு இடமும் சேர்ந்து கெடுகிறது. குழந்தைகளிடம் இரைப்பையின் கீழ்ப்பகுதி ரோமம் சிலிர்த்த தோல் மாதிரி சின்னச் சின்ன முடிச்சாகத் தெரியும். மருத்துவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே திரையைப் பார்த்து எங்களுக்குத் தெரிந்துவிடும்.

உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிறு பங்கினருக்குப் புண் வரும், அதைவிடச் சிறு பங்கினருக்கு வயதான பிறகு இரைப்பைப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. இதில் நமக்கு முக்கியமானது வேறு. இந்தக் கிருமி எப்போது உடம்புக்குள் வருகிறது? பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசுக்குள்ளேயே. வந்தால் மருந்து கொடுத்து அழிக்காத வரைக்கும் பெரும்பாலும் போகாது. நாற்பது வயதில் அல்சர் என்று வருகிற கூலித் தொழிலாளியின் வயிற்றில் இருப்பது அவர் மூன்று வயதில் வாழ்ந்த வீடு.

நான் கவிதையாகச் சொல்லவில்லை, ஆய்வாகவே இருக்கிறது. 1990இல் கனடாவில் டொரோன்டோவில் பார்த்தார்கள், கிருமி உள்ள குழந்தையின் பெற்றோரிடமும் கூடப் பிறந்தவர்களிடமும் அது அதிகமாக இருந்தது. 1992இல் இங்கிலாந்தில் பெரியவர்களிடம் சிறுவயது வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். நெருக்கடியான வீட்டில், வெந்நீர்க் குழாய் இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களிடம் கிருமி கூடுதல். 1994இல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரில் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் கேட்டார்கள். சின்ன வயதில் நெருக்கமான வீட்டில் இருந்தவர்கள், படுக்கையைப் பகிர்ந்து படுத்தவர்கள், அவர்களிடம்தான் கூடுதல். ஒரு தேசத்தின் வீட்டு வசதியை அதன் தொழிலாளியின் இரைப்பையில் படித்துவிட முடிகிறது. மேலை நாடுகளில் வீடு பெரிதாக, பிள்ளைகள் குறைய, நல்ல தண்ணீர் வர, தலைமுறைக்குத் தலைமுறை இந்தக் கிருமி குறைந்துகொண்டே வந்தது. தடுப்பூசி போட்டுக் குறையவில்லை. அப்படி ஒரு தடுப்பூசி இதுவரை புழக்கத்துக்கு வரவில்லை.

இந்தியாவுக்கு வாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 37 சதவீதக் குடும்பங்களுக்கு ஒரே அறை. சேரியில் அந்தக் கணக்கு என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தொகுப்பு வீடுகளில் வளர்ந்தவர்கள் இங்கே பாதிப் பேர். அரசு கட்டிக் கொடுக்கிற கிராமப்புற வீட்டின் குறைந்தபட்ச அளவு 20 சதுர மீட்டராக இருந்தது. 2016இல்தான் 25 ஆனது. அதில் சமையல், அதில் படுக்கை, அதில் பாட்டி, அதில் பிரசவம். ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால் அடுத்த பிள்ளை அதே பாயில்தான் படுத்தாக வேண்டும்.

"அப்போ அம்மாகிட்ட இருந்துதான் வருதா?" என்று என்னோடு வேலை பார்த்த பெண்களே கேட்டிருக்கிறார்கள். பல சமயம் ஆமாம், அம்மா, அண்ணன், அக்கா. வாய் வழியாகவும் வாந்தி வழியாகவும் மலம் கலந்த தண்ணீர் வழியாகவும் பரவுகிறது என்பதுதான் இன்றைய புரிதல். ஆனால் இந்தப் பதிலை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த நாளே பழியைத் தூக்கி அம்மா தலையில் வைத்துவிடுவார்கள். ஒரே அறையை அவளா கட்டினாள்?

பழி வைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் அதிகமாகக் கேட்ட அறிவுரை எது தெரியுமா? "காரத்தை நிறுத்து, மாட்டுக்கறியை நிறுத்து." சீட்டில் ஊர்ப் பேரும் தெருப் பேரும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது வாக்கியம் வரும். மற்றவர்களுக்கு முதல் வாக்கியத்தோடு முடிந்துவிடும். காரம் இந்த அழற்சியை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே புண்பட்ட வயிற்றில் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். மாட்டுக்கறிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொல்லப்போனால் அந்தப் பிள்ளைக்குத் தேவையான இரும்புச்சத்து, அந்தக் குடும்பம் காசு கொடுத்து வாங்கக்கூடிய விலையில் இருப்பது அதில்தான். மாட்டுக்கறியைத் தின்பதால் நோய் வருகிறது என்று சொல்வது மருத்துவம் அல்ல, வெள்ளைக் கோட்டுப் போட்ட தீட்டு. அந்த அம்மா பதில் பேசாமல் தலையாட்டிக்கொண்டு வெளியே வருவார். வெளியே வந்ததும் "நெசமாவாம்மா?" என்று என்னிடம் கேட்பார். "இல்லம்மா, நல்லா வேக வெச்சுக் குடுங்க" என்று சொல்வேன்.

ஏழையின் சாப்பாட்டின் மேல் பழி போடுவதற்கு நம் மண்ணிலேயே பழைய வரலாறு உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் தென் திருவிதாங்கூர். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர் அவர். முதல் பயணம் முடிந்து நெய்யூர் வந்தவர், அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கினார். முன்சிறுகுடல் புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் ஏராளம். 1936இல் அதைப் பற்றி ஓர் ஆய்வேட்டில் எழுதினார். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டை, முக்கியமாக மரச்சீனிக் கிழங்கை, கொடுத்து வளர்த்தார். கணிசமான எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. சீக்கியர்களின் கோதுமை, பால் சாப்பாட்டில் வளர்ந்த எலிகளுக்கு வரவில்லை. இந்த ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். ஏழையின் வயிற்றை ஆராயத் தக்க பொருளாக எடுத்துக்கொண்டதே பெரிசு, அன்றைக்குக் கிருமியும் தெரியாது. சத்துக் குறைந்த சாப்பாட்டால் வயிற்றுச் சுவரின் தற்காப்பு குறையும் என்பதும் ஒதுக்கிவிடக்கூடிய விஷயமில்லை. ஆனால் கிழங்கை மட்டும் தின்னும்படி விடப்பட்டவர்கள் யார், நிலம் யாரிடம் இருந்தது என்ற கேள்வி அந்த எலிக்கூண்டுக்குள் வரவில்லை. 'திருவிதாங்கூர் சாப்பாடு' என்று ஊர்ப் பேர் போட்டார்கள். நிலம் இல்லாதவனின் சாப்பாடு என்று போட்டிருக்க வேண்டும்.

இன்றைய ஆய்வுகளிலும் அந்தக் கேள்வி வருவதில்லை. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்யும்போது குடும்பத்தின் நிலையைக் குறிக்கக் குப்புசாமி அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், 1976இல் வந்தது. குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்பத்தின் வருமானம், மூன்றே கேள்வி. சாதி கிடையாது. கிராமப்புறத்துக்கு உதய் பாரீக் என்பவர் 1964இல் உருவாக்கிய அளவுகோல் இன்னொன்று. அதில் சாதி உண்டு. எப்படி உண்டு தெரியுமா? சாதிக்கு மதிப்பெண்! பட்டியல் சாதிக்கு ஆகக் குறைந்த மதிப்பெண், ஆதிக்க சாதிக்கு ஆக உயர்ந்த மதிப்பெண். ஒன்று சாதியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது, மற்றொன்று சாதிப் படிக்கட்டையே அளவுகோலாக ஆக்கிவிட்டது. ஊர்க் குழாய்க்கும் சேரிக் குழாய்க்கும் தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்து வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, அந்தத் தொட்டியை யார் எப்போது கழுவினார்கள் என்று எந்த அளவுகோலும் கேட்பதில்லை.

தண்ணீரைப் பற்றி பெரு நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது, தலைநகர் லிமாவில், 1991இல் வெளிவந்தது. வீட்டுக்கு வெளியிலிருந்து தண்ணீர் எடுத்து வருகிற குடும்பத்துக் குழந்தைகளிடம் இந்தக் கிருமி அதிகம். நகராட்சித் தண்ணீரைக் குடித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும் அது ஏழைப் பிள்ளைகளுக்குச் சமமாக இருந்தது. தண்ணீர் கெட்டால் பணம் காப்பாற்றாது என்று அர்த்தம். நம் ஊரிலும் அப்படித்தான், அக்கிரகாரத்துப் பிள்ளைக்கும் இந்தக் கிருமி உண்டு. இதைச் சேரியின் நோய் என்று நான் சொல்லவே இல்லை. நான் சொல்வது, வந்தால் எந்தக் குழந்தை எவ்வளவு சீக்கிரம் மருத்துவரைப் பார்க்கிறது, எந்தக் குழந்தையின் வலியை நம்புகிறார்கள், மருந்து முடிந்த பிறகு எந்தக் குழந்தை அதே பாய்க்கும் அதே குடத்துக்கும் திரும்புகிறது என்பது.

தண்ணீரென்றால் வேங்கைவயலைச் சொல்லாமல் போக முடியுமா? புதுக்கோட்டை மாவட்டம், 2022 டிசம்பர். அங்கே நடந்தது வேறு வகைப் பாதிப்பு, திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆனால் எப்படித் தெரியவந்தது என்பதை யோசியுங்கள். குழந்தைகள் ஒவ்வொன்றாக மருத்துவமனைக்குப் போனார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இளைஞர்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் மிதந்தது. குழந்தைகளின் வயிறுதான் முதல் சாட்சி. விசாரிக்கப் போன ஆட்சியர் பக்கத்திலேயே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்தார். எச்சில் பட்டுவிடும் என்று குவளையைப் பிரித்து வைக்கிற சமூகத்தில், குடிதண்ணீரில் மலம். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. கொடுத்த குற்றப்பத்திரிகை அதே பகுதியைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களையே குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் நினைவுக்கு வந்தார்கள். அங்கேயும் இப்படித்தான், நோய் வந்தவர்கள்தான் நோய்க்குக் காரணம்.

இரத்தச்சோகையைச் சொல்லி மேலே போகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், அதாவது 2019-21 கணக்கில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. முக்கியக் காரணம் சாப்பாடு, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இரும்பு மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தும் ஏறாத குழந்தைகள் உண்டு. வேறு காரணம் எதுவும் பிடிபடவில்லையென்றால் இந்தக் கிருமியைத் தேடிப் பார்க்கலாம் என்று குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதலே சொல்கிறது. புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசியலாம், இரைப்பையில் அழற்சி இருந்தால் உடம்பு இரும்பை ஏற்பதும் குறையலாம். பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற மாத்திரையை "வயித்த வலிக்குது" என்று பிள்ளை துப்பினால் அடிக்காதீர்கள், சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டினி தனியாக இந்த அழற்சியை உண்டாக்காது. ஆனால் அழற்சி உள்ள வயிறு காலியாக இருந்தால் விடியற்காலையில் பிள்ளையை எழுப்பிவிடும். அதனால் 2022 செப்டம்பரில் தொடங்கின காலை உணவுத் திட்டத்தை நான் வெறும் சாப்பாட்டுத் திட்டமாகப் பார்க்கவில்லை. அதையும் விட்டுவைத்தார்களா? 2023இல் கரூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று பெற்றோர்கள் தடுத்து, ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. இங்கே விடுதி மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2023இல் பள்ளி விடுதிகளின் உணவுப்படியை மாதம் 1400 ரூபாயாக உயர்த்தினார்கள். நாளைக்கு 46 ரூபாய் சொச்சம். மூன்று வேளைக்கும் அதுதான். விடுதித் தண்ணீர்த் தொட்டியின் மூடியை ஒரு தடவை திறந்து பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். (சிரிப்பு) இல்லை, சிரிக்காதீர்கள், நாளைக்கே போய்ப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? நமக்கு முதலில் தெரிய வேண்டியது எந்த வலியை உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் நிற்கிற வலி, விடாத வாந்தி, வாந்தியில் இரத்தம் அல்லது காப்பித்தூள் மாதிரி, தார் மாதிரி கறுத்த மலம், எடை குறைவது, வயசுக்கு வளராமல் நிற்பது, வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அல்சர் இருந்தது. (இரும்பு மாத்திரை தின்றாலும் மலம் கறுக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) இவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எழுதின தாளை நீட்டினால் மேசைக்கு அந்தப் பக்கம் குரல் மாறும், நான் கண்ணால் பார்த்தது. கூடப் படித்த பிள்ளை ஒருத்தர் போய் நின்றாலும் மாறும்.

தனியார் ஆய்வுக்கூடங்களில் இரத்தத்தில் இந்தக் கிருமிக்கு ஒரு சோதனை செய்து காசு வாங்குகிறார்கள். குழந்தைகளுக்கு அதை நம்பி மருந்து கொடுக்கக் கூடாது. கிருமி எப்போதோ வந்து போயிருந்தாலும் அது இருப்பதாகக் காட்டும். 'வயிற்று வலியா, கிருமி இருக்கிறதா பார், இருந்தால் கொல்லு' என்ற முறை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய, வட அமெரிக்க வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அறிகுறி இருந்தால் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து, கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று முடிந்தால் அதையும் பார்த்து, பிறகுதான் மருந்து. அமிலத்தைக் குறைக்கிற ஒன்றோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள், பதினாலு நாள். வாயெல்லாம் கசக்கும், இரும்பைச் சப்பின மாதிரி இருக்கும். ஐந்தாம் நாள் வலி நின்றதும் நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் கெடும். பாதியில் விட்டால் அடுத்த தடவை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். பதினாலு நாளும் யாராவது ஒருத்தர் அந்த வீட்டுக்குப் போய் "மாத்திரை போட்டியா பாப்பா?" என்று கேட்க வேண்டும். முடிந்து நாலு வாரம் கழித்து மலச் சோதனையிலோ மூச்சுச் சோதனையிலோ கிருமி போனதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மறுபடி குழாய் வேண்டாம்.

இதெல்லாம் கேட்டுவிட்டு ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான மெல்லிய ஸ்கோப்பும் மயக்க மருத்துவரும் வேண்டும் என்று நீங்கள் கோரிக்கை எழுதினால் நான் முதல் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்தத் தாளில் முதல் வரி தொட்டியைப் பற்றி இருக்கட்டும், இரண்டாவது வரி வீட்டின் அளவைப் பற்றி.

ஒரு தோழர் துண்டுச் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார், பால் குடித்தால் இது சரியாகுமா என்று. அமெரிக்காவில் சிப்பி என்ற மருத்துவர் 1915இல் மணிக்கு மணி பாலும் பாலாடையும் கொடுக்கிற வைத்தியத்தைக் கொண்டுவந்தார், அரை நூற்றாண்டு அது ஓடியது. பால் குடித்த உடனே எரிச்சல் தணியும். கொஞ்ச நேரத்தில் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கும். கிருமிக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் பால் இருந்தால் குடிக்கட்டும், தப்பில்லை. இதற்கென்று கடன் சொல்லி வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.